மண்ணைக் கிளறாதே

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பெட்டியில் வளர்க்கும், வாலில் இடுக்கியுள்ள பெண் காதுப்பூச்சி மண்ணுக்குள் இறங்கி 5 நாட்களாகின்றன என்றும், வைத்த இரை அப்படியே கிடக்கிறது என்றும், செத்துவிட்டதோ என்று மண்ணைக் கிளறிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தயவுசெய்து கிளறாதே. அநேகமாக அது முட்டையிட்டிருக்கும். முட்டைகளைக் காக்கும் நாட்களில் அது இரை தேடி வெளியே வருவது அரிது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நான் செய்து கெட்ட காரியம் ஒன்று. நான் முதன்முதலில் இவற்றை வளர்த்தபோது, கண்ணாடியை ஒட்டியிருந்த குழியில் கடுகளவேயான வெள்ளை முட்டைகள் குவிந்திருப்பதைக் கண்டு, ஆசை தாளாமல் நாளுக்கு மூன்று முறை மூடியைத் திறந்து, வெளிச்சம் காட்டி, ஈர்க்குச்சியால் மண்ணை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் தாய் மட்டும் இருந்தது, முட்டைகளில் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் அதுவே தின்றுவிட்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பூச்சியின்மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. இடம் பாதுகாப்பில்லை என்று பட்டுவிட்டால், முட்டைகளைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு பிறகு மீண்டும் இடுவதே அதற்கு ஆதாயம். அப்படி அதை எண்ண வைத்தவன் நான்.

சில வாரங்களில் அது மறுபடியும் முட்டையிட்டது. இம்முறை பெட்டியைச் சுற்றிக் கருப்புக் காகிதம் ஒட்டி, மூடியை அடைத்து, இரவில் மட்டும் கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொண்டு கருப்புக் காகிதத்தின் ஒரு மூலையை விலக்கிப் பார்த்தேன். சிவப்பு வெளிச்சம் பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அப்போது கண்ட காட்சியை நீயும் காண வேண்டும். தாய் ஒரு முட்டையை வாயில் எடுத்து, உருட்டி உருட்டி நக்கி, கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தது. அப்படி நக்குவதுதான் முட்டையின்மேல் பூஞ்சை படராமல் காக்கிறது. தாயை அகற்றிவிட்டால், ஈர மண்ணில் முட்டைகள் விரைவில் பூஞ்சை பிடித்து அழிந்துபோகும். நாம் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் அந்த வேலையை நம்மால் செய்ய முடியாது. சார்லஸ் டி கீர் என்ற சுவீடன் நாட்டு அறிஞர், சிதறிய முட்டைகளைத் தாய் ஒவ்வொன்றாக வாயால் கவ்வி மீண்டும் ஓரிடத்தில் சேர்த்ததை 1773-லேயே பதிவு செய்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு, காதுக்குள் புகுந்து மூளையைத் துளைக்கும் என்ற அவதூறுதான் அதன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உன் பெட்டியில் ஆண் இன்னும் இருக்கிறதா என்று எழுதவில்லை. வாலிலுள்ள இடுக்கி நன்றாக வளைந்திருந்தால் ஆண், ஏறக்குறைய நேராக இருந்தால் பெண். மேலே திரியும் ஆணை ஓசைப்படாமல் எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றிவிடு, அது முட்டைகளைத் தின்னக்கூடும். பூச்சியுலகத் தகப்பன்மாரெல்லாம் இப்படியல்ல என்பதை என் பங்குக்குச் சொல்லிவைக்கிறேன். பெரிய நீர்ப்பூச்சி இனங்கள் சிலவற்றில் பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விட, அவை பொரியும்வரை சுமப்பதும், காற்றுப்பட நீர்மட்டத்துக்குக் கொண்டுவருவதும் ஆண்தான்.

மண்ணின் ஈரம் மட்டும் உன் பொறுப்பு. பிடித்தால் உருண்டை சேர வேண்டும், நீர் சொட்டக் கூடாது. காய்ந்தால் குழியின் மேல் அல்லாமல் எதிர்மூலையில் சில துளிகள் விடு.

குஞ்சுகள் பொரிந்ததும் வெள்ளையாக இருக்கும், சில மணி நேரத்தில் கருக்கும். தாய் வெளியே வந்து இரை தின்று, குழிக்குத் திரும்பி, வாய்வழியாக அவற்றுக்கு ஊட்டும். ஆகவே அந்நாட்களில் மீன் தீவனத் துகளும் காரட் துண்டும் குறையாமல் பார்த்துக்கொள். ஆனால் குஞ்சுகள் ஓரிரு முறை தோலுரித்துத் தாமாக மேயத் தொடங்கியதும் தாயைப் பிரித்துவிடு. ஜப்பானிலுள்ள ஓரினத்தில் குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டுத்தான் கூட்டைவிட்டு வெளியேறுகின்றன. உன் பெட்டியில் ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வரும். காக்கும் காலம் முடிந்த தாய்க்குத் தன் குஞ்சும் இரையாகவே தெரியலாம்.

பொரிந்ததும் எத்தனை என்று எண்ணி எழுது. நான் மூன்று இரவுகள் முயன்றேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாயின் வயிற்றடியில் நுழைந்துகொண்டே இருந்ததால், 40-ஐத் தாண்டியபோதெல்லாம் கணக்குத் தவறிப்போனது.

இப்படிக்கு,
உன் அப்பா