கித்தானுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கண்காட்சி நல்லபடியாக நிறைவடைந்தது. ஓவியங்களை இறக்கி, தாள் சுற்றி, மூலைகளுக்கு அட்டை கொடுத்துக் கட்டியாகிவிட்டது. திறப்பு விழா மேடையில் எனக்குக் கிடைத்த நேரம் முன்வரிசையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்வதற்கே சரியாக இருந்தது. என் வேலைக்கு மிக நெருக்கமான சிலர் அந்த வரிசையில் இல்லை. ஓரிருவர் அரங்குக்கே வரவில்லை. அவர்களுக்காகவே இந்த மடல்.

முதலில் தச்சர் ஐயாவுக்கு. கித்தானை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தை யார் வேண்டுமானாலும் அறுத்துத் தரலாம். ஐயா மட்டும் கித்தான் படியும் பக்கத்தை உள்நோக்கிச் சாய்வாக இழைத்துத் தருவார். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் சட்டத்தின் உள்விளிம்பு துணியில் பட்டுப் பட்டு, சில ஆண்டுகளில் படத்தின் முகப்பில் ஒரு கோடு எழும்பிவிடும். மரமும் வீடும் மனிதர்களும் உள்ள படத்தில் அந்தக் கோடு யார் கண்ணிலும் படாமல் போகலாம். ஒரே சாம்பல் நிறம் பரந்து கிடக்கும் என் படத்தில் அதுதான் முதலில் தெரியும். இதை நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவராகவே கேட்டார்: “இதில் உருவம் எதுவும் இருக்காது, இல்லையா? அப்படியானால் சட்டம் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும்.” அரூப ஓவியம் பற்றி இவ்வளவு சுருக்கமாக எந்த விமர்சகரும் என்னிடம் சொன்னதில்லை.

வண்ணம் விற்கும் பெரியவருக்கும் நன்றி. ஆளிவிதை எண்ணெய் கலந்த வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது என்பதையும், அதனால் எண்ணெய் குறைந்த பூச்சு அடியிலும் மிகுந்த பூச்சு மேலேயும் வர வேண்டும் என்பதையும் எனக்குப் புரியவைத்தவர் அவர். அடிப்பூச்சுக்கு ஜிங்க் வெள்ளை கேட்டபோது, அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மையுடையது என்று சொல்லி விற்கவே மறுத்துவிட்டார். வியாபாரிகளில் இப்படியும் ஒருவர்!

அடுத்து என் மூத்த ஓவியத் தோழிக்கு. இவருக்கு மட்டும் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

உருவப்படம் வரைகிறவருக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. மூக்கு கோணினால் அந்த முகமே சொல்லிவிடும். அரூப ஓவியருக்கு ஒத்துப்பார்க்க எதுவும் கிடையாது. இந்த நீலம் போதுமா, இன்னொரு பூச்சு வேண்டுமா, படம் முடிந்துவிட்டதா, அல்லது நேற்றே முடிந்துபோனதை இன்று கெடுத்துக்கொண்டிருக்கிறோமா? எதற்கும் வெளியிலிருந்து விடை வராது. இந்தத் துறையின் தனிமை என்று நான் சொல்வது இதைத்தான். அறைக்குள் தனியாக உட்கார்ந்து வேலை செய்வதைச் சொல்லவில்லை; கணக்கு எழுதுகிறவரும் அப்படித்தான் உட்கார்கிறார்.

தோழி வந்தால் “நன்றாக இருக்கிறது” என்று சொல்ல மாட்டார். எதிரே உட்கார்ந்துகொள்வார். பிறகு எழுந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படத்தின் ஒவ்வொரு பகுதியாக மறைத்துக் காட்டுவார். “இது இல்லாவிட்டால் படம் குறைகிறதா?” ஒருமுறை வலது மேற்புறம் ஒரு சிவப்புக் கீற்று, நான் ஆசை ஆசையாக வைத்தது. தாள் அதன்மேல் போனதும் மீதிப் படம் முழுவதும் அகலமானதுபோல் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அவர் போன பின் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். அந்தச் சிவப்பின் சாயம் துணியின் இழைகளில் இன்னமும் லேசாக இருக்கிறது. அதுவரை நான் அறியாத ஒரு பழுப்பு அங்கே கிடைத்தது.

தாள் சரிவராதபோது படத்தைப் பக்கவாட்டில் திருப்பிவைப்பார். அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் வாழ்க்கையில் வரும் சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். சட்டம் படித்தவர், முப்பதாவது வயதில், 1896-ல், அந்த வழியை விட்டுவிட்டு ஓவியம் கற்க மியூனிக் போனார். பின்னொரு நாள் அந்திநேரத்தில் தன் அறைக்குள் நுழைந்தவர், சொல்லுக்கு அடங்காத அழகுடைய ஒரு படத்தைக் கண்டு திகைத்தார். அது பக்கவாட்டில் சாத்தி வைக்கப்பட்டிருந்த அவருடைய சொந்த ஓவியமே. தன் படங்களுக்குப் பொருள்களின் உருவம் இடைஞ்சல் என்று அன்று உணர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அவருக்குத் தற்செயலாக வாய்த்ததை எனக்கு ஒருவர் சிரமம் எடுத்துச் செய்து தருகிறார்.

என் தங்கைக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. தன் வீட்டு மாடியறையை என் படங்களுக்கு ஒதுக்கித் தந்தவள் அவள். ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1906-லேயே அரூப ஓவியங்களைத் தொடங்கியவர். தன் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகள் அவற்றை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1944-ல் காலமானார். பொதுக் கண்காட்சி ஒன்றில் அவை உலகின் கவனத்துக்கு வந்தது 1986-ல். அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய பொறுமையைப் புகழ்வார்கள். எனக்கோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படைப்புகளைப் பத்திரமாக வைத்திருந்த அவருடைய சகோதரர் மகன்தான் நினைவுக்கு வருகிறார். யாரோ ஒருவர் இடம் கொடுத்ததால்தான் புகழுவதற்கே ஏதோ மிஞ்சியது.

இனி, அரங்கில் காவல் பணியில் இருந்தவருக்கு. பார்வையாளர்கள் ஒரு படத்தின் முன் சில நொடிகள் நிற்கிறார்கள். அவரோ காலை முதல் மாலைவரை அந்தப் படங்களோடு இருந்தார். மூன்றாம் நாள் என்னை அழைத்து, மூலையில் இருந்த பெரிய சாம்பல் படம் காலையில் பச்சையாகவும் நான்கு மணிக்கு மேல் நீலமாகவும் இருப்பதாகச் சொன்னார். அடியில் பச்சை இருப்பது எனக்குத் தெரியும், நான் பூசியதுதானே. அது வெளிவருகிறது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வந்து பார்த்தபோது, தன் நாற்காலியை அந்தப் படத்துக்கு எதிரே நகர்த்திப் போட்டிருந்தார். “இது என்ன?” என்று கேட்டவர்களிடம், “கொஞ்சம் உட்காருங்கள்” என்று அந்த நாற்காலியையே காட்டினாராம்.

ஒரு நாள் முழுவதும் ஒரு சாம்பல் நிறத்தைச் சரிசெய்வதிலேயே போய்விடும்போது, இதனால் யாருக்கு என்ன என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. வாழ்க்கையின் பொருளைக் கலையில் கண்டேன் என்று பெரிய வார்த்தை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த நாற்காலி நகர்ந்த இடத்தைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி முன்போல என்னை வாட்டவில்லை. அவ்வளவு சொல்லலாம்.

வருகைப் பதிவேட்டில் “எனக்கு ஒன்றும் புரியவில்லை, நாளையும் வருகிறேன்” என்று எழுதிய முகம் தெரியாத அன்பருக்கும் என் நன்றி.

கடைசியாக, படங்களை வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களுக்கு. உங்கள் பணத்தில்தான் அடுத்த கித்தான் வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு விண்ணப்பம்: நேர்வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அதற்காக இருட்டறையிலும் வைக்காதீர்கள். வெளிச்சமே படாவிட்டால் எண்ணெய் மஞ்சள் பாரிக்கும். மேல்பக்கம் எது என்று பின்புறம் அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஒருவர் அதைப் பார்க்காமல் படுக்கைவாட்டில் மாட்டிவிட்டு எனக்குப் புகைப்படமும் அனுப்பியிருக்கிறார். தோழியிடம் காட்டினேன். “அப்படியே இருக்கட்டும், அதுதான் சரி” என்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் ஓவியர்