'ரன்-ஃபிளாட் என்றால் இப்படித்தான்' என்பது ஒரு பதிலா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர்கள் குறித்துச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பஞ்சரானாலும் நடுவழியில் நிற்க வேண்டாம், மழையில் நனைந்துகொண்டு ஜாக்கி போட வேண்டாம், ஸ்டெப்னிக்கான இடமும் மிச்சம் என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வசதியை நானும் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். இரவு பதினொன்றரை மணிக்கு, டயரில் காற்று குறைந்ததைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காற்றில்லாத டயரோடு, வேகத்தை 80-க்குள் வைத்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் ஓட்டி வீடு சேர்ந்தோம். குழந்தைகள் விழிக்கவே இல்லை. ஆகவே இந்த டயர்களை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் சத்தத்தையும் சீரற்ற தேய்மானத்தையும் பற்றிய புகார்களெல்லாம் பழங்கதை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அதற்கு ஆதாரமாக புது டயரோடு வரும் ஐரோப்பிய முத்திரையில் உள்ள, சத்தத்தின் அளவைச் சொல்லும் டெசிபெல் எண்ணைக் காட்டியிருக்கிறார். எனக்கு உறுத்தியது அதுதான். முத்திரையில் உள்ள அந்த எண் காருக்குள் அளந்ததல்ல. எஞ்சினை அணைத்து, சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் காரை உருளவிட்டு, பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கியில் பதிவானது அது. தெருவோரம் நிற்பவர் காதில் விழும் சத்தத்தை அது சொல்லும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் காதில் என்ன விழும் என்பதைச் சொல்லாது. அதிலும், அளந்தது புத்தம்புது டயரை. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த டயர் என்ன பாடு பாடும் என்று எந்த முத்திரையிலும் அச்சிடுவதில்லை.

என் கதை அந்தப் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. கார் வாங்கும்போதே நான்கு சக்கரங்களிலும் ரன்-ஃபிளாட் இருந்தது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார். நான்கு டயர்களும் ஒரே அளவு. முதல் ஆண்டு ஒரு குறையும் இல்லை. பள்ளங்களில் இடுப்புக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் 60-ஐத் தாண்டியதும் பின்பக்கத்திலிருந்து 'ஊம்' என்று ஒரு முனகல் கேட்டது. தூரத்தில் மாவு மெஷின் ஓடுவது போன்ற சத்தம். வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறியது. வாரம் ஒன்றாக அது வளர்ந்ததால் முதலில் என் காதுதான் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி ரேடியோவின் ஒலியைத் தானாகவே கூட்டியபோதுதான் நம்பினேன்.

சர்வீஸ் நிலையத்தில் சொன்னதைக் கேளுங்கள்: "ரன்-ஃபிளாட் என்றால் இப்படித்தான் சார்." சொன்னவர் டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி போனேன். பேரிங் போய்விட்டது என்றார்கள். பின்சக்கரப் பேரிங்குகள் இரண்டையும் மாற்றினார்கள், நானும் பணம் கட்டினேன். சத்தம் ஒரு துளி குறையவில்லை. மூன்றாம் முறை போனபோது மறுபடி பழைய பல்லவி: "ரன்-ஃபிளாட் என்றால் இப்படித்தான்."

இந்த வாக்கியத்தில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. காற்றே இல்லாதபோதும் காரைத் தாங்க வேண்டும் என்பதற்காக இந்த டயரின் பக்கச்சுவரைத் தடித்த ரப்பரால் விறைப்பாகச் செய்கிறார்கள். சாதாரண டயரின் பக்கச்சுவர் நெளிந்து கொடுத்துச் சாலையின் அதிர்வைக் கொஞ்சம் விழுங்கிவிடும். விறைத்த சுவரோ வாங்கியதை அப்படியே ரிம்முக்கும் அங்கிருந்து சஸ்பென்ஷனுக்கும் காரின் கூட்டுக்கும் அனுப்பிவிடும். ஆகவே புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் கூடுதல் சத்தம் இருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும் அல்லவா? முதல் நாள் இல்லாமல், பதினைந்தாயிரத்தில் முளைத்து, மாதாமாதம் ஏறும் சத்தத்துக்குத் தேய்மானத்தில்தான் காரணம் தேட வேண்டும்.

அதை எனக்குக் காட்டியவர் டயர் கடை நடத்தும் ஒரு பெரியவர். காரை லிஃப்டில் ஏற்றினார். விளக்கு எதையும் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பின்சக்கரத்தின் உள்விளிம்பில், நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அந்த ஓரத்தில், வைத்தார். "ஒரு பக்கமாகத் தடவுங்கள்" என்றார். வழுவழுவென்று போனது. "இப்போது திருப்பித் தடவுங்கள்." உள்ளங்கையை அரம் பிடித்து இழுத்தது போல் இருந்தது. தரையில் படும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்கள் ஒவ்வொன்றும் ஒரு முனையில் தேய்ந்து மறுமுனையில் எழும்பி, சுற்றிலும் ரம்பப்பல் போல நின்றது. சக்கரம் சுழலும்போது அந்தப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தார்ச்சாலையை அறைகின்றன. நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த மாவு மெஷின் அதுதான்.

பிறகு டயரின் வரிப்பள்ளங்களின் ஆழத்தை அளக்கும் கருவியை எடுத்தார். வெளி ஓரம் 5.2 மில்லிமீட்டர், நடு 4.9, உள் ஓரம் 2.1. ஒரே டயர்! வெளியே நின்று பார்த்தவர் எவரும் இன்னும் ஓராண்டு ஓடும் என்றுதான் சொல்லியிருப்பார். உள் ஓரமோ, டயரை மாற்றியாக வேண்டிய 1.6 மில்லிமீட்டர் என்ற எல்லையைத் தொட அரை மில்லிமீட்டர்தான் பாக்கி.

அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்வது. அதற்கு முன் இரண்டு தடவை செய்திருக்கிறேன். பழைய தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டிலும் முன்சக்கரங்களின் கணக்கு மட்டுமே இருந்தது. பின்சக்கரங்களை யாரும் அளக்கவே இல்லை. பெரியவர் நான்கையும் அளந்தார். பின்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்காமல், முன்பக்கம் வெளியே விரிந்து நின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் உருள்வதோடு கொஞ்சம் பக்கவாட்டிலும் தேய்கிறது. அந்தத் தேய்ப்பை உள் ஓரம் வாங்கிக்கொள்கிறது.

காற்றையும் பார்த்தார். 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 27. எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டேன். அது எரிவதற்கென்று ஒரு எல்லை இருக்கிறது. அமெரிக்க விதியின்படி, குறிப்பிட்ட அழுத்தத்தில் கால் பங்கு குறைந்தால்தான் எரிந்தாக வேண்டும். 33-க்கு அது ஏறக்குறைய 25. இடைப்பட்ட அளவில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் விளக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். சாதாரண டயரில் காற்று நன்றாகக் குறைந்தால் அடிப்பக்கம் பிதுங்கி நம் கண்ணே கண்டுபிடித்துவிடும். ரன்-ஃபிளாட்டில் அதே விறைத்த சுவர் குறையை மூடி மறைத்து, எப்போதும் போல் நிமிர்ந்து நிற்கும். காலால் ஓர் உதை விட்டுப் பார்க்கும் நம் பரம்பரைச் சோதனை இங்கே எடுபடாது. டயர் குளிர்ந்திருக்கும்போது கருவியை வைத்து அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அலைன்மென்ட் செய்ததும் சத்தம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. இதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். காரணத்தைச் சரிசெய்தாலும் ரப்பரில் ஏற்கெனவே விழுந்த பற்கள் உடனே போய்விடாது. 'அலைன்மென்ட்டும் செய்தாகிவிட்டது, சத்தம் அப்படியே இருக்கிறது, ஆகவே இது ரன்-ஃபிளாட்டின் பிறவிக்குணம்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரியவர் பின் டயர்களை முன்னே போட்டு என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மாவு மெஷின் என் காலடிக்கு வந்துவிட்டது! டயரோடு சத்தமும் இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். பேரிங்குக்குக் கொடுத்த பணத்தை அப்போது நினைத்துக்கொண்டேன்.

தேய்ந்த இரண்டையும் மாற்றினேன். மறுபடியும் ரன்-ஃபிளாட்தான். அந்த வகை டயருக்கென்று வடிவமைத்த காரில், ஸ்டெப்னியும் இல்லாத நிலையில், சாதாரண டயரைக் கலந்து போட மனம் வரவில்லை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இதழில் வரும் கார், டயர் மதிப்பீடுகள் எல்லாமே புது வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து எழுதியவை. டயரின் சுபாவம் ஒரு வாரத்தில் தெரியாது. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய வாசகர்களின் வண்டிகளைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு டயருக்கும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று ஆழங்களை அச்சிடுங்கள். டயர்களை எத்தனை ஆயிரத்துக்கு ஒருமுறை முன்பின் மாற்றினார்கள், அல்லது முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்பதால் மாற்றவே முடியவில்லையா என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது வகைக் கார் வைத்திருப்பவர்களின் பாடு என் பாட்டைவிட மோசம் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. 'சத்தம்: பரவாயில்லை' என்று ஐந்து நட்சத்திரத்தில் மூன்றைக் கொடுப்பதைவிட அந்த மூன்று எண்கள் எங்களுக்குப் பயன்படும்.

ஆழம் அளக்கும் கருவி ஒன்று இப்போது என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கிறது. கூடவே ஒரு சிறிய நோட்டுப்புத்தகம். புது டயர்கள் ஐந்தாயிரம் ஓடியபோது பின்பக்க இடது டயரில் எடுத்த அளவு: உள் 7.1, நடு 7.3, வெளி 7.2. அடுத்து பத்தாயிரத்தில் அளப்பேன். வேண்டுமானால் அதையும் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்