ரிச் ஹில்லின் இடது கையைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

2025 ஜூலை 22 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில், கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் சட்டையோடு பிட்சர் (பந்து வீசுபவர்) ரிச் ஹில் மவுண்டில், அதாவது பந்து வீசும் மேட்டில், ஏறினார். வயது 45. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் அது அவருக்கு 14-ஆவது அணி. அத்தனை அணிகளுக்கு ஆடியவர் அவருக்கு முன்பு எட்வின் ஜாக்சன் ஒருவர்தான். அன்றைக்கு எதிரணி சிகாகோ கப்ஸ். 2005-ல் ஹில்லை மேஜர் லீகுக்கு அழைத்து வந்த அதே கப்ஸ்.

ஹில் பெரிய நட்சத்திரம் இல்லை. மொத்தம் 90 வெற்றிகள். 2007-ல் கப்ஸுக்கு 195 இன்னிங்ஸ் (ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) வீசி, 183 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட்டாக்கினார் (ஸ்ட்ரைக்கவுட்). மறு ஆண்டே பந்து சொன்ன இடத்துக்குப் போக மறுத்தது, கீழ்மட்டமான மைனர் லீகுக்கு இறக்கப்பட்டார். பிறகு தோளில் அறுவை, முழங்கையில் அறுவை, அணி மேல் அணி. இப்படி ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்யும் பிட்சர் ஒருவர் இருபது வருடம் நிலைத்தது அவருடைய பிடிவாதத்தால் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கையை வேறு பலரும் காத்திருக்கிறார்கள், அவர்களில் சிலர் அவரைப் பார்த்ததே கிடையாது. பேஸ்பாலை விடாமல் பார்த்துத் தமிழில் பேசிக்கொள்கிற நாங்கள், அவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி மறைந்த டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவர்களுக்கு. முழங்கையின் உள்பக்கம், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கிற சிறிய தசைநார் ஒன்று உண்டு. பந்தை விடுவதற்குச் சற்று முன், கை பின்னால் வளைந்து நிற்கும் அந்த நொடியில் முழங்கையைப் பிரித்தெடுக்கப் பார்க்கும் விசை முழுவதும் அதன்மேல்தான் விழுகிறது. சுற்றியுள்ள தசைகள் களைத்துவிட்டால் அதற்குத் துணை இல்லை. ஆண்டுக்கணக்கில் நைந்து நைந்து, ஒருநாள் அறுகிறது. 1974 வரை அது அறுந்தால் பிட்சரின் தொழிலும் முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று டாமி ஜான் என்ற பிட்சரின் அடிபடாத கையின் முன்கையிலிருந்து, இல்லாமல் போனாலும் குறை தெரியாத ஒரு தசைநாணை எடுத்து, இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, எட்டு வடிவில் கோத்துக் கட்டினீர்கள். நூற்றில் ஒன்று என்றுதான் வாய்ப்பைக் கணித்தீர்கள். 1975 முழுவதும் உட்கார்ந்திருந்த ஜான், அடுத்த ஆண்டு திரும்பி வந்து, அதன் பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார்.

2011-ல் ஹில்லுக்கு நடந்ததும் அதே அறுவைதான். அதற்குப் பிறகுள்ள மாதங்களை நடத்திக் கொடுக்கும் உடற்பயிற்சியாளர்களுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கத்திக்குப் பிறகுதான் பாதி வேலை. புதிதாகக் கட்டிய நாண் தசைநாராக மாற மாதங்கள் பிடிக்கும். முதலில் முழங்கையை முழுதாக நீட்டி மடக்க வேண்டும், அடுத்து தோளும் முதுகும் வலுப்பட வேண்டும். சுமார் நான்கைந்து மாதம் கழிந்ததும் சமதரையில் 45 அடி தூரத்துக்கு மெதுவாக வீசத் தொடங்கலாம். வலி இல்லாவிட்டால் 60, 90, 120 அடி என்று தூரம் கூடும். மவுண்டுக்குப் போவது அதற்கும் பின்னால். அங்கேயும் வேகப்பந்துதான் முதலில், சுழன்று கீழே வளையும் கர்வ் பால் கடைசியில். இங்கே தவறு பெரும்பாலும் பிட்சருக்கு உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் நடக்கும்: வலி இல்லையே என்று பத்துப் பந்து கூடுதலாக எறிவார், மறுநாள் முழங்கை வீங்கும், இரண்டு வாரம் பின்னோக்கிப் போகும். "இன்றைக்குப் போதும்" என்று சொல்லி அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு எங்கள் வணக்கம்.

அறுவைக்குப் பிறகு ஹில் கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி, இடதுகை ஆட்டக்காரர்களை மட்டும் மடக்கும் வேலைக்கு வந்தார். 2013-ல் கிளீவ்லாந்துக்கு 63 ஆட்டங்களில் வீசியது மொத்தம் 38⅔ இன்னிங்ஸ். ஆட்டத்துக்கு இரண்டு அவுட்கூட இல்லை. 2014-ல் ஏஞ்சல்ஸ் அணியில் ஒரு அவுட்டும் எடுக்காமலே விடுவிக்கப்பட்டார். 2015 கோடையில் மைனர் லீக் வேலையும் போனது. 35 வயது.

அந்தச் சமயத்தில் மவுண்டைத் தந்த லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்கு எங்கள் இரண்டாவது நன்றி. அது ஆடும் அட்லாண்டிக் லீகில் எந்த அணியும் மேஜர் லீக் அணி எதற்கும் கிளை கிடையாது. சம்பளம் சொற்பம். ஆனால் அங்கே ஒரு பிட்சர் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கலாம், பழையபடி கையை மேலே தூக்கி வீசிப் பார்க்கலாம், வேறு அணி கேட்டால் கிளம்பிப் போகலாம். ஹில்லுக்கு இரண்டே ஆட்டங்கள் போதுமாக இருந்தன. பாஸ்டன் ரெட் சாக்ஸ் கூப்பிட்டது.

மூன்றாவதாக, அப்போது பாஸ்டன் அணியில் வேலை செய்த பிரையன் பானிஸ்டர் அவர்களுக்கு. நீங்களும் பிட்சராக இருந்தவர். அன்று பாஸ்டனின் மைனர் லீக் ஊராக இருந்த பாட்டக்கெட்டில் ஹில்லோடு உட்கார்ந்து, அவருடைய கர்வ் பால் எப்படிச் சுழல்கிறது என்பதை எண்களில் காட்டி, அதை இன்னும் அதிகமாக, இன்னும் பல வேகங்களில் வீசு என்றீர்கள். வேகப்பந்தை முதலில் நாட்டு, கர்வ் பாலைப் பிறகு காட்டு என்று பேஸ்பாலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததற்கு நேர்மாறான யோசனை அது.

அது ஏன் பலித்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள். கர்வ் பாலுக்கு நடுவிரல் தையல் மேட்டை ஒட்டிப் படுக்கும், ஆள்காட்டி விரல் அதன் பக்கத்தில் அழுத்தம் தராமல் இருக்கும், கட்டைவிரல் அடியில் தாங்கும். மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, பந்தின் முன்பக்கத்தைக் கீழே இழுத்து விட வேண்டும். பந்து முன்னோக்கி உருண்டபடி பறக்கும். கிரிக்கெட்டில் டாப் ஸ்பின்னர் திடீரென்று இறங்குவதற்கும் இதுதான் காரணம்: பந்தின் மேல்பக்கம் காற்றை எதிர்த்துச் சுழல்வதால், புவியீர்ப்போடு காற்றும் சேர்ந்து அதைக் கீழே அமுக்குகிறது. ஹில்லின் வேகப்பந்து மணிக்கு 145 கி.மீ. அளவுதான், இந்தக் காலத்துக்குக் குறைவு. அது மவுண்டிலிருந்து மட்டைக்காரர் வரையிலான 18.44 மீட்டரைக் கடக்க அரை நொடிக்கும் குறைவாகவே ஆகும். 120 கி.மீ. அளவில் வரும் கர்வ் பால் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். எதிரே நிற்பவர் மட்டையை எப்போது சுழற்றுவது என்பதை அந்தப் பத்தில் ஒன்றில்தான் தவறவிடுகிறார். கர்வ் பாலுக்காகக் காத்திருப்பவருக்கு 145-கூட வேகமாகத் தெரியும். கெட்டுப்போவது ஒரே இடத்தில்: விரல் பந்தின் மேலே நிற்காமல் பக்கவாட்டில் நழுவினால் சுழற்சி சாய்ந்துவிடும், பந்து இறங்காமல் இடுப்புக்கு மேலே மிதக்கும், அடுத்து அது அடிபட்டுப் பார்வையாளர் வரிசையில் போய் விழும்.

2015 செப்டம்பர் 13 அன்று டாம்பா பே அணிக்கு எதிராக ஹில் 7 இன்னிங்ஸ் வீசினார். எதிரணிக்குப் பலித்த அடி (ஹிட்) ஒன்றே ஒன்று, 10 ஸ்ட்ரைக்கவுட். அந்த மாதத்து நான்கு ஆட்டங்களில் 29 இன்னிங்ஸ், 36 ஸ்ட்ரைக்கவுட். ஓக்லண்ட் அணி 60 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

கர்வ் பாலைக் கூட்டியதற்கு விலையும் இருந்தது. தையல் மேடு அதே நடுவிரலை ஒவ்வொரு முறையும் உரசும், கொப்புளம் எழும். 2016 ஜூலையில் ஓர் ஆட்டத்தில் ஐந்தே பந்து வீசி ஹில் வெளியேறினார். தோல் போனால் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது; பிட்சரின் கையிலோ விரலிலோ எதையும் ஒட்டக் கூடாது என்பது விதி. விரலை உலர்வாக வைப்பது, காய்ப்பு மேடுதட்டாமல் சீவி விடுவது, கிழிந்தால் புதுத்தோல் இறுகும்வரை காத்திருப்பது, இவ்வளவுதான் வழி.

அதனால்தான் ஹில் அடுத்துப் போன டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவர்களுக்கு நன்றி சொல்கிறோம், பலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே. 2016 செப்டம்பர் 10 அன்று மயாமியில் ஹில் டாட்ஜர்ஸுக்காக 7 இன்னிங்ஸ், 21 பேரையும் பேஸில் ஏறவிடாமல் வீசியிருந்தார். 89 பந்துகள்தான். இன்னும் இரண்டு இன்னிங்ஸ் இப்படியே முடிந்திருந்தால் அது 'பெர்ஃபெக்ட் கேம்'. கொப்புளம் திரும்பக்கூடும் என்று பார்த்து அவரை நிறுத்தினீர்கள். ஹில் கொதித்தார். ஒரு பிட்சரின் வாழ்நாளில் மிக அரிதாக வரும் வாய்ப்பு அது, எங்களுக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் அக்டோபரில் கப்ஸுக்கு எதிரான பிளேஆஃப் (பருவ இறுதிச் சுற்று) ஆட்டத்தில் அதே விரல் 6 இன்னிங்ஸ் ஒரு ரன்னும் தராமல் வீசியது. டிசம்பரில் மூன்றாண்டுக்கு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. முடிவு சரி என்றே நினைக்கிறோம்.

பந்துக்குச் சேறு தேய்க்கிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. புதுப் பந்தின் தோல் வழுக்கும். 1938-ல் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றுப் பக்கம் கண்டெடுத்த சேற்றைத்தான் இன்றும் ஒவ்வொரு பந்திலும் தேய்க்கிறார்கள். குறைவாகத் தேய்த்தால் பிடி நழுவும், அதிகமானால் பந்து கறுத்து மட்டைக்காரருக்குத் தெரியாது. ஓர் ஆட்டத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட பந்துகளுக்கு இதைச் செய்கிற உங்கள் பெயர் எந்த ஸ்கோர் அட்டையிலும் இல்லை.

இனி, 14 அணிகள் என்பதையே சாத்தியமாக்கியவர்கள். முன்பு ஒரு வீரர் ஓர் அணியில் கையெழுத்திட்டால் அந்த அணி விடும்வரை அதற்கே சொந்தம். 1969-ல் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்காடிய கர்ட் ஃபிளட் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், தன் ஆட்டத்தையும் இழந்தார். 1975-ல் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் ஆடினார்கள். அந்தப் பருவத்தின் நடுவிலேயே ஆட்டத்தை விட்டு ஊர் திரும்பிவிட்ட மெக்நாலிக்கு அதனால் ஒரு காசு லாபம் கிடையாது. வீரர்கள் சங்கத்துக்காகப் பெயரைக் கொடுத்தார். டிசம்பர் 23 அன்று, அணிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ், அவர்கள் இனி எந்த அணிக்கும் போகலாம் என்று வீரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். பின்னால் நின்று நடத்தியவர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர். ஓய்வூதியம் என்ற ஏற்பாட்டில் இன்று 43 நாள் மேஜர் லீகில் இருந்தாலே உரிமை தொடங்குகிறது; பத்து ஆண்டு இருந்தால் முழுமை. மேலும் கீழும் ஏறி இறங்கும் பிட்சர் ஒவ்வொரு நாளையும் ஏன் எண்ணுகிறார் என்பது அதில் தெரியும்.

மைனர் லீகுக்கு இந்த வெளிச்சம் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. மைனர் லீக் பிட்சராக இருந்து வழக்கறிஞரான கேரட் புரோஷஸ் 2014-ல் தொடுத்த ஊதிய வழக்கு, 2022-ல் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2023-ல் மைனர் லீகுக்கான முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. மைனர் லீகின் மேல்படியான ட்ரிபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. மைனர் லீக் ஊர்களில் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் 35 வயது பிட்சருக்கு வாடகை கொடுக்க வழி செய்தீர்கள்.

கடைசியாக, உடைமாற்றும் அறைப் பணியாளர்களுக்கும், பிட்சர்கள் பயிற்சியாக வீசும் பந்தைப் பிடிக்கும் புல்பென் கேட்சர்களுக்கும். ஓர் அணி பட்டியலிலிருந்து நீக்கினால் ஏழு நாளுக்குள் முடிவு தெரியும். பிட்சர் அதற்குள் ஊரை விட்டே போயிருப்பார். அவருடைய காலணி, மூன்று கையுறை, எடைப் பந்துகள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்புவது ஒருவர். அந்த ஊரில் சட்டையின் முதுகில் ஹில் என்ற பெயரை ஏற்றித் தயாராக மாட்டி வைத்திருப்பது இன்னொருவர். அன்று மாலையே, முன்பின் பார்த்திராத அந்தக் கர்வ் பால் தரையில் குத்தி எழும்போது மார்பால் தடுத்து நிறுத்துவது மூன்றாமவர். பதினான்கு அணிகளிலும் இதைச் செய்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இப்படிக்கு,
பேஸ்பாலைத் தமிழில் பேசும் ரசிகர்கள்