அழுகைக்கு முன்னால் வருவது

அன்புத் தோழிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இப்போது பிள்ளை அத்தை மடியில் இருக்கிறான், எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

பெரியவர்கள் சொல்வதைக் கேட்பதா, டாக்டர் சொல்வதைக் கேட்பதா என்று கேட்டிருந்தாய். முதல் இரண்டு வாரம் நாங்கள் இருவரையும் கேட்கவில்லை, கடிகாரத்தைத்தான் கேட்டோம். எப்போது குடித்தான், எத்தனை நிமிடம் குடித்தான் என்று குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் இன்னும் ஆகவில்லையே என்று, அழுகிற பிள்ளையை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். நினைத்தால் இப்பவும் மனசு வலிக்கிறது. அத்தை நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. மறுநாள் அவன் தூக்கத்திலிருந்து அசையும்போது, "அவன் வாயைப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். தலையைத் திருப்பித் திருப்பி, வாயைத் திறந்து தேடினான், விரலைச் சப்பினான். அழுகை கடைசியில்தான் வரும், பசியை அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவான் என்றார். டாக்டரும் பிறகு இதையேதான் சொன்னார். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்குமாம், அதில் ஒழுங்கான இடைவெளியை எதிர்பார்க்கக் கூடாதாம். பால் போதுமா என்று நான் தவித்தபோது அத்தை நனைந்த துணிகளைத்தான் எண்ணச் சொன்னார். முதல் வாரத்துக்கு அப்புறம் நாளுக்கு ஆறுக்குக் குறையாமல் நனைந்தால் பயப்பட வேண்டாம்.

சாயங்கால அழுகை வேறு. ஆறாவது வாரம் அதுதான் உச்சம். பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, எல்லாம் செய்தும் அழுவான். "உன்னால முடியலன்னா பத்திரமா படுக்க வச்சிட்டு வெளிய போய் ஒரு நிமிஷம் மூச்சு விடு, தப்பில்ல" என்றார் அத்தை. அதை யாராவது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டோம். அவர் நான்கு பேரையும் குப்புறப் படுக்கவைத்தே தூங்க வைத்தவர். நான் மல்லாக்கத்தான் என்று நின்றேன், இரண்டு நாள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. தடுப்பூசிக்குப் போனபோது அவரே டாக்டரிடம் கேட்டார். 1990களிலிருந்து பல நாடுகளில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்ல ஆரம்பித்த பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பாதிக்கு மேல் குறைந்தது என்று டாக்டர் விளக்கினார். அத்தை வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. வந்ததும் தொட்டிலில் இருந்த குட்டித் தலையணையையும் மெத்தென்ற போர்வையையும் அவரே எடுத்து வைத்தார். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குப் பல மடங்கு ஆகிவிட்டது.

அதற்காகக் குப்புறப் போடுவதை அவர் விட்டுவிடவில்லை, விழித்திருக்கும்போது மட்டும், யாராவது பக்கத்தில் இருந்து, சில நிமிடம். டாக்டரும் கழுத்து பலப்பட அது வேண்டும் என்றார். இதோ, மடியிலிருந்து இறக்கிவிட்டு, இப்போதும் தரையில் அவனுக்கு எதிரே தானும் குப்புறப் படுத்துப் பேச்சுக் கொடுக்கிறார், அவன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான்.

உனக்குப் பிரசவ தேதி நெருங்கும்போது சொல், வந்துவிடுகிறேன். அம்மா உன்கூட எத்தனை நாள் இருப்பார்கள் என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி