தமிழ்ச் சங்க ஆண்டுப் பொதுக்குழுவில் வைக்கப்படும் செயலாளர் அறிக்கை (லீட்டன், நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா)

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஜூனில் முடிந்த நிதியாண்டின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் உறுப்பினர் நிலவரம். வந்தவர்களும் போனவர்களும் ஏறத்தாழச் சமம். பெருநகரங்களுக்கு வெளியே தங்கி வேலை செய்ய வேண்டிய 491 தற்காலிக விசாவில் வருகிறவர்கள், மூன்றாண்டு வருமானக் கணக்கைக் காட்டி 191 என்ற நிரந்தர விசா வாங்கியதும் மெல்பர்னுக்கோ சிட்னிக்கோ கிளம்பிவிடுகிறார்கள். குறை சொல்வதற்கில்லை, பிள்ளை பதினொன்றாம் வகுப்பை நெருங்கினால் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு எழும். சங்கத்துக்குச் சங்கடம் வேறு இடத்தில். பெரிய அண்டா யார் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஊரைக் காலி செய்துவிடுகிறார். அதனால் சங்கப் பொருட்களுக்கு இவ்வாண்டு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். அண்டா கிடைத்துவிட்டது. ஜல்லிக்கரண்டி இன்னும் இல்லை.

பொங்கல் விழாவுக்குச் செங்கல், விறகு, பானை எல்லாம் தயார். அன்றைக்கென்று பார்த்துத் திறந்தவெளியில் தீ மூட்ட முழுத் தடை அறிவித்துவிட்டார்கள். விறகை மூடிவைத்துவிட்டு மண்டபச் சமையலறை மின்னடுப்பில் பானையை ஏற்றினோம். பொங்கியது, நன்றாகவே வழிந்தது. காய்ந்துபோன பாலை அடுப்புத் தட்டிலிருந்து கத்தியால் சுரண்டி எடுத்த அக்காமாருக்கு நன்றி. மண்டப வைப்புத்தொகை முழுதாகத் திரும்பியது அவர்களால்தான்.

இங்கே நெல் விதைப்பு அக்டோபரில், அறுவடை மார்ச் முதல் மே வரை. தை மாதத்தில் பயிர் பச்சையாக நிற்கும். இளங்கதிர் இரவுக் குளிரில் பதராகாமலிருக்க வயலில் 25 சென்டிமீட்டர் வரை தண்ணீர் கட்டும் பருவம் அது. எனவே விழாவைச் சித்திரைக்கு மாற்றி, இவ்வூர்ப் புதுநெல்லிலேயே பொங்கல் வைக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. நியாயமான யோசனை என்பது என் கருத்து. "தை பிறந்தால்தானப்பா பொங்கல்" என்று பெரியவர் ஒருவர் சொன்னதோடு விவாதம் படுத்துவிட்டது. தீர்மானம் நிலுவையில் உள்ளது.

1951 முதல் அரிசி ஆலை ஓடும் ஊரில் இருந்துகொண்டு பொன்னிக்கும் இட்லி அரிசிக்கும் 450 கிலோமீட்டர் தள்ளி மெல்பர்னுக்கு ஆள் அனுப்புகிறோம். இங்கு விளையும் மீடியம் கிரெய்ன் (நடுத்தர நீள அரிசி) சர்க்கரைப் பொங்கலுக்கு அருமை. குழம்பு ஊற்றினால் ஒட்டிக்கொள்கிறது. யாழ்ப்பாண உறுப்பினர்களின் சிவப்பரிசி மாவும் இனி அதே வண்டியில் வரும். பெட்ரோல் செலவு மூட்டைக் கணக்கில் பிரிக்கப்படும். பங்கீட்டில் எழுந்த பூசல் பேசித் தீர்க்கப்பட்டது. விவரம் இங்கே வேண்டாம்.

இரவுப் பணிக்குப் போகும் செவிலியர்களும் முதியோர் இல்லப் பணியாளர்களும் அந்தி நேரத்தில் வேகத்தைக் குறைக்கவும். கங்காரு முட்டி இரண்டு உறுப்பினர்களின் கார்கள் பட்டறைக்குப் போயின. சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பக்கத்துப் பெரிய நகரமான வாகா வாகா போகிறவர்கள் முன்னதாகக் குழுவில் தெரிவித்தால், காரோட்டத் தெரியாத பெற்றோரையும் கூட்டிப்போகலாம்.

மண்டபம் எடுக்கப் பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். சந்தாவில் பெரும்பகுதி அதற்கே போகிறது. மீதிக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவை உயர்த்தும் பேச்சை நான் எடுக்கவில்லை. பாசன நீர் ஒதுக்கீடு குறைந்தால் நெல் போடமாட்டார்கள், ஆலையில் ஷிஃப்ட் குறையும், நம் வீடுகளில் வருமானமும் குறையும். 2019, 2020 வறட்சியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

துணைச் செயலாளர், நூலகப் பொறுப்பாளர் பதவிகள் காலியாக உள்ளன. பெயர் கொடுப்பவர்கள் தேநீர் இடைவேளைக்குள் என்னிடம் கொடுக்கவும். அடுத்த மாத அரிசிப் பட்டியலும் அதே மேசையில் இருக்கிறது.