பிறை பத்தில்தான் குழப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹஜ் வழிகாட்டிக் குறிப்புகள் பலவும் துல்ஹஜ் மாதம் பிறை 10-ஐ (பத்தாம் நாளை) ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. பயணிகள் தடுமாறுவதே அன்றுதான்.

இரவு தங்கிய முஸ்தலிஃபாவிலிருந்து மினா வந்ததும், கல்லெறியும் மூன்று இடங்களில் (ஜம்ராக்களில்) பெரிய ஜம்ராவில் மட்டும் 7 கற்கள் எறிதல், பிறகு குர்பானி (பிராணியை அறுத்துப் பலியிடல்), பிறகு முடி மழித்தல் அல்லது குறைத்தல், அடுத்து மக்காவில் தவாஃபுல் இஃபாளா (கஃபாவைச் சுற்றி வரும் ஹஜ்ஜின் கடமையான வலம்). நபிவழியில் வந்த வரிசை இது. இதை முன்பின்னாகச் செய்துவிட்டவர்கள் கேட்டபோது, "குற்றமில்லை" என்றே நபி (ஸல்) பதிலளித்தார்கள். ஆகவே ஷாஃபி மத்ஹபில் (சட்ட வழிமுறையில்) இந்த வரிசை சுன்னத் (கட்டாயமல்ல, விரும்பத்தக்கது). ஹனஃபி மத்ஹபிலோ தமத்துஃ (உம்ரா எனும் சிறு யாத்திரையை முடித்துவிட்டுப் பின் ஹஜ்), கிரான் (உம்ராவையும் ஹஜ்ஜையும் சேர்த்து) செய்பவருக்கு முதல் மூன்றின் வரிசை வாஜிப் (கட்டாயம்). பிசகினால் பரிகாரமாக ஓர் ஆடு அறுக்க வேண்டும். தன் சார்பில் பிறர் அறுக்கக் குர்பானிக் கூப்பன் வாங்கியவருக்கு அறுக்கும் நேரம் தெரியாது. அவர் ஹனஃபி என்றால் குழுத் தலைவரிடம் உறுதி செய்துகொண்டே முடியை எடுக்கட்டும். இஃப்ராத் (ஹஜ் மட்டும்) செய்பவருக்குக் குர்பானி கடமையில்லை என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை.

தமத்துஃ செய்பவர் உம்ராவில் செய்த ஸயீ (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பது) ஹஜ்ஜுக்கும் போதும் என்று விட்டுவிடுவதும் உண்டு. பெரும்பான்மை அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. இஃபாளாவுக்குப் பின் இன்னொரு ஸயீ வேண்டும். ஸஃபாவிலிருந்து மர்வா போவது ஒன்று, திரும்புவது இரண்டு. ஏழாவது மர்வாவில் முடியும். போய்வருவதை ஒன்றாக எண்ணி 14 தடவை நடந்து களைப்பவர்கள் பாவம்!

பிறை 11, 12-இல் ளுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் வந்தபின் சிறிய, நடு, பெரிய ஜம்ரா என்ற வரிசையில் தலா 7 கற்கள். தலைகீழாக எறிந்தால், ஷாஃபி மத்ஹபில் கடைசியாக எறிந்த சிறியது மட்டுமே கணக்கில் சேரும். மற்ற இரண்டுக்கும் மீண்டும் எறிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்