டார்பிடோவை ஏவுகணை ஆக்கிவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம். கடற்படைச் செய்தி ஒன்றில் 'இலகுரக டார்பிடோ ஏவுகணை' என்று போட்டிருந்தீர்கள். ஏவுகணை வானத்தில் பறப்பது, டார்பிடோ தண்ணீருக்குள் ஓடுவது, இரண்டும் எப்படி ஒன்றாகும்? (ஏவுகணையே டார்பிடோவைச் சுமந்துபோய்க் கடலில் போடும் 'ஸ்மார்ட்' சோதனை 2024 மே 1-ல் ஒடிசா கடலோரம் நடந்தது, அது வேறு கதை.)

விசாகப்பட்டினத்தில் டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் உருவாக்கிய 'ஷியேனா' இலகுரக டார்பிடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 220 கிலோ, குறுக்களவு 324 மில்லிமீட்டர். ஹெலிகாப்டரிலிருந்து போட்டால் பாராசூட்டில் இறங்கும், கடலில் விழுந்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துதான் பேட்டரிக்கே உயிர் வரும், அப்புறம் சுற்றிச் சுற்றித் தேடி, ஒலி அலையை அனுப்பி, எதிரொலி வரும் பக்கம் திரும்பி நீர்மூழ்கியைத் துரத்தும். பேட்டரி தாங்குவது சில நிமிடங்கள்தான், அதற்குள் பிடித்தாக வேண்டும்.

இதெல்லாம் நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து பறக்கும், நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அமெரிக்காவின் மார்க் 54 இலகுரக டார்பிடோவைச் சுமக்கக்கூடியவை. அடுத்த முறை செய்தி போடும்போது 'ஏவுகணை'யை எடுத்துவிட்டு வெறும் 'டார்பிடோ' என்றே போடுங்கள் சார், எங்களுக்குப் புரியும்.

- ஒரு வாசகர், அரக்கோணம்